லால்பாக் பாறையின் கீழே

பெங்களூர் லால்பாக்கிற்கு மாலையில் உலாவச் செல்வோர், கெம்பே கௌடரின் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கும் அந்தப் பெரும்பாறையின்மீது அமர்ந்து கடலை கொறிக்கிறார்களே அல்லாமல், ஏறக்குறைய 300 கோடி வருஷங்களுக்கு முன் பூகர்ப்பத்தில் கடும் உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, தன்மேல் கிடந்ததெல்லாம் தேய்ந்தொழிந்த பிறகு வெளிப்பட்ட வஸ்து அது என்று எண்ணுவதில்லை. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் ஆழம்வரை பூமியின் மேலோடுதான். மையமோ 6,371 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கிறது.

இறங்கிப் பார்க்கலாமே என்றால், கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டியபோதே பாறையின் உஷ்ணம் 60 டிகிரியைக் கடந்து, குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தியே வேலை நடத்த வேண்டியதாயிற்று. ரஷ்யர்கள் கோலா தீபகற்பத்தில் துளைத்த துளையும் 12 கிலோமீட்டரோடு நின்றது.

ஆகவே, பலாப்பழத்தைத் தட்டி அதன் பக்குவத்தை அறிவதுபோல, பூகம்பத்தின் அலைகளைக் கொண்டே உள்ளிருப்பதை அனுமானிக்க வேண்டியிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஓல்டாம், 1897-ஆம் வருஷத்து அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ந்து, நெருக்கி விரித்துச் செல்லும் அலை, குறுக்கே அசைத்துச் செல்லும் அலை என்ற பேதத்தைக் கருவிகளின் பதிவிலேயே கண்டுகொண்டவர். 1906-இல், பூமிக்குள் தன்மையில் வேறான ஒரு கரு உண்டு என்று நிரூபித்த பெருமையும் அவருடையதே. நம் பாடப்புத்தகங்கள் அவரை மறந்தது நியாயமல்ல.

மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர்வரை இரும்பும் மக்னீசியமும் கலந்த சிலிக்கேட் பாறை. திடப்பொருளாயினும் கோடிக்கணக்கான வருஷங்களில் மெல்ல நகர்வது. அதற்கும் கீழே குறுக்கலை நுழைவதில்லை. திரவத்தில் அவ்வலைக்கு இடமில்லையாதலால், அது உருகிய இரும்பும் நிக்கலும் என்று தெளிந்தார்கள். அத்திரவத்தின் ஓட்டமே பூமியின் காந்த சக்திக்குக் காரணம். அதன் நடுவிலோ தன்மையில் வேறான ஓர் உட்கரு உண்டு என்பதை டென்மார்க்கின் இங்கே லேமன் அம்மையார் 1936-இல் கண்டறிந்தார். 5,000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும், அழுத்தத்தின் மிகுதியால் அங்கே இரும்பு உருகாமல் கெட்டியாகவே இருக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரின் கடினப் பாறைத் தரையில், 1965-இல் பிறநாட்டு அணுகுண்டுப் பரிசோதனைகளைக் கண்காணிக்கவென்று இன்றைய பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கருவிகள் வரிசையாக நிறுவப்பட்டன. பெரு நாட்டில் ஒரு பெரிய பூகம்பம் நேர்ந்தால், அதன் அலை பூமியின் கருவையே ஊடுருவி, ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் அங்கே வந்து பதிந்துவிடுகிறது.