மறதியை அளக்கும் கணினி

"வயது போனால் மறதி வருந்தானே." நம் வீடுகளில் எத்தனையோ பேர் வைத்தியரிடம் போகாமல் இருப்பதற்கு இந்த ஒரு வசனமே காரணமாகிவிடுகிறது.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், தெரிந்தவரின் பெயர் வாயில் வராமல் நிற்பதும், தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று தடுமாறுவதும் இளையவர்களுக்கும் நடப்பவை. ஆனால் சொன்ன கதையையே சற்று நேரத்தில் புதிதாகச் சொல்வதைப் போல மீண்டும் சொல்வதும், நாற்பது வருடம் சமைத்த கறியில் அடுத்து என்ன போடுவது என்று குழம்புவதும், பழகிய ஒழுங்கையில் வழி தவறுவதும் வேறு வகையானவை. இவ்விரண்டுக்கும் நடுவே மங்கலான ஒரு பகுதி உண்டு. வைத்தியர்கள் அதனை 'இலேசான அறிதிறன் குறைபாடு' என்பர். இந்த நிலையில் உள்ளவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வார். ஆனால் நினைவோ கவனமோ அவருடைய வயதுக்குரிய அளவைவிடக் குறைந்திருக்கும். இவர்களுள் சிலருக்குப் பின்னர் டிமென்சியா எனும் மறதி நோய் வருகிறது. சிலர் அப்படியே இருக்கின்றனர். சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு.

இந்த மங்கலான பகுதியைக் கண்டுபிடிக்கவே கணினிவழிப் பரிசோதனைகள் வந்துள்ளன. அவற்றால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை விளக்குவதே என் நோக்கம்.

தாளிலிருந்து திரைக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் 57 மில்லியன் பேர் டிமென்சியாவுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 முதல் 70 சதவீதமானோருக்குக் காரணம் அல்சைமர் நோய். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலானோர் வாழ்வது நம்முடையதைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில்தான்.

இதைக் கண்டறிய முதலில் பயன்பட்டவை தாளும் பென்சிலும். 1975இல் போல்ஸ்டீன் என்பவரும் அவருடைய குழுவினரும் 30 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு பரிசோதனையை வெளியிட்டனர். இன்று என்ன திகதி, 100இலிருந்து 7 ஏழாகக் கழியுங்கள், மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்லுங்கள் என்பன போன்ற கேள்விகள் அதில் உண்டு. 2005இல் கனடாவின் மொன்றியல் நகரில் வைத்தியர் சியாட் நஸ்ரெத்தீன் குழுவினர் 'மொக்கா' என்ற பரிசோதனையை வெளியிட்டனர். இலேசான குறைபாட்டையும் பிடிக்கக்கூடியதாக அது அமைந்தது. இதற்கும் 30 புள்ளிகள்தாம். 26க்குக் கீழே போனால் மேலும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த எல்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே தொடுதிரையில் செய்யும் பரிசோதனைத் தொகுதி ஒன்று உருவாகியது. அதன் பெயர் கேன்டேப். அதிலுள்ள ஒரு பரிசோதனையில் திரையில் சில பெட்டிகள் தோன்றும். அவை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். சிலவற்றினுள் ஓர் உருவம் இருக்கும். பின்னர் அந்த உருவம் திரையின் நடுவே வரும்போது, அது எந்தப் பெட்டியில் இருந்தது என்று தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு பொருளையும் அதன் இடத்தையும் சேர்த்து நினைவில் வைப்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியோடு தொடர்புடைய வேலை. அல்சைமர் நோய் முற்காலத்திலேயே தாக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

மணிக்கூடு வரையும் பரிசோதனையும் இப்படி மாறியிருக்கிறது. ஒரு வட்டம் வரைந்து, எண்களை இட்டு, 11 மணி 10 நிமிடத்தைக் காட்டச் சொல்வார்கள். முன்பு வரைந்து முடித்த படத்தை மட்டுமே பார்த்துப் புள்ளியிட்டனர். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பயன்படுத்திய டிஜிட்டல் பேனையோ செக்கனுக்குச் சுமார் 80 தடவை தன் இடத்தைப் பதிவு செய்கிறது. ஆகவே படம் சரியாக இருந்தாலும் முள்ளை வரையுமுன் கை எவ்வளவு நேரம் தயங்கி நின்றது என்பதும் தெரிந்துவிடுகிறது. மனிதக் கண்ணுக்குத் தப்பும் இந்தத் தயக்கத்தைப் பிடிப்பதே கணினியின் பெரிய பலம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்பதும், கேள்விகளை மாற்றி வருடா வருடம் மீண்டும் சோதிக்க முடிவதும் மற்றப் பலன்கள்.

திரை எதை அளக்கிறது?

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். என் உம்மும்மா மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். குர்ஆனைத் தடையின்றி ஓதுவார். குடும்பத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதை மூன்று தலைமுறைக்குச் சொல்வார். ஆனால் கைப்பேசியில் அழைப்பு வந்தால் விரலை இழுக்காமல், பழைய தொலைபேசியின் பொத்தானை அழுத்துவதைப் போல அழுத்திக்கொண்டே இருப்பார். மில்லிசெக்கனில் நேரம் எண்ணும் ஒரு திரையின் முன் அவரை இருத்தினால், அது அளப்பது அவருடைய நினைவையா, விரலின் பழக்கத்தையா?

இன்னொரு பரிசோதனை முறையில் கடதாசிச் சீட்டுகள் திரையில் வருகின்றன. சீட்டு சிவப்பா, முன்பு பார்த்த சீட்டா என்று விரைவாகச் சொல்ல வேண்டும். சீட்டைக் கையால் தொட்டே இராத முதியவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர்!

படிப்பும் புள்ளியை மாற்றுகிறது. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு மொக்காவில் ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கப்படுகிறது. மூன்று வருடம் மட்டும் படித்தவருக்கும் அதே ஒரு புள்ளிதான். எழுத்தறிவு குறைந்தோருக்கென அதன் தனி வடிவம் ஒன்று பின்னர் உருவாக்கப்பட்டதற்குக் காரணமும் இதுவே. ஆகவே ஒரு பரிசோதனையை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அந்த மக்களிடையே செய்து பார்த்து, எல்லைப் புள்ளியைப் புதிதாக வரையறுக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

ராகமைப் பகுதியில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே நடந்து 2003இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு டிமென்சியா இருந்தது. அதை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 1000 முதியவர்களில் 40 பேருக்கு நோய் உண்டு, 960 பேருக்கு இல்லை. நோயுள்ளவரில் 80 சதவீதத்தினரைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 80 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது உண்மையான நோயாளிகளில் 32 பேரைப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 192 பேரையும் பிடிக்கும். "சந்தேகம்" என்று வந்த 224 பேரில் 32 பேருக்கே நோய், அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு. தவறவிடப்பட்ட 8 பேரோ நிம்மதியாக வீடு திரும்பிவிடுவர்.

பரிசோதனை மோசமானது என்பது இதன் பொருளல்ல. அது கதவைத் தட்டுகிறது. தட்டியது யார் என்று திறந்து பார்ப்பது வைத்தியரின் வேலை. அறிகுறியே இல்லாத முதியோர் அனைவரையும் சோதிப்பதன் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2020இல் கூறியதும் கவனிக்கத்தக்கது.

பின் எதற்காகப் பரிசோதனை?

மறதிக்குக் காரணம் எப்போதும் டிமென்சியா அல்ல. விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் தீரக்கூடிய மறதியும் தீராமல் போகும். டிமென்சியாவாகவே இருந்தாலும், தன் விருப்பங்களைத் தானே சொல்லக்கூடிய காலத்தில் தெரிந்துகொள்வது அந்த மனிதரின் உரிமை. 2024இல் லான்செட் ஆணைக்குழு மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றுள் சில. இவை பெற்றோராகிய உங்கள் வயதிலேயே கவனிக்க வேண்டியவை.

ஆகவே வீட்டில் முதியவர் ஒருவரின் மறதி மாறி வருவதாகத் தோன்றினால், எப்போது, எதில் மாற்றம் கண்டீர்கள் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் குடிக்கும் மருந்துகளும் கையில் இருக்கட்டும். கண்ணாடியும் காதுக் கருவியும் அணியாமல் எந்தப் பரிசோதனைக்கும் இருத்தாதீர்கள். எந்த மொழியில் பேசினால் அவருக்கு இலகு, எவ்வளவு படித்தார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாணவிகளாகிய நமக்கும் ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் இறக்கிய ஏதோ ஒரு செயலியைக் கொடுத்து உம்மும்மாவுக்குப் பரீட்சை வைக்க வேண்டாம். அந்தப் புள்ளியை வைத்து அவரைச் சிரிக்கவும் வேண்டாம். அவர் நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று எந்தக் கணினியையும் விட நன்றாக அறிந்தவர்கள் அவரோடு தினமும் பேசுகிறவர்கள். அப்படிப் பேசுகிறவர்களாக நாம் இருக்கிறோமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்வோம்.