ஸார் பண்றதைத்தான் பையன் பண்ணுவான்!

செப்டம்பர் மாதம் ஏதாவது ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் நஷ்டமில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படியிலேயே ஃபைல் ஆரம்பித்துவிடும். உள்ளே போனால் மேஜை மேல் ஃபைல், மேஜைக்கு அடியில் ஃபைல், ஃபைல்களுக்கு நடுவில் ஒரு தலை. அந்தத் தலைக்குச் சொந்தக்காரனுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். மூன்று நாள் தாடி. கண்ணில் தூக்கம். கையில் பேனா. 'டிக்... டிக்... டிக்...' என்று வவுச்சர்களில் டிக் அடித்துக்கொண்டே இருப்பான். சுவர்க் கடிகாரம்கூட பேட்டரி தீர்ந்து நின்றுவிடும். இவன் நிற்க மாட்டான்.

இவன்தான் ஆர்டிகிள் கிளார்க். மரியாதையாகச் சொன்னால், ஆர்டிகிள்ட் அசிஸ்டென்ட். சி.ஏ. படிக்கிறவன். பரீட்சை மட்டும் எழுதினால் சி.ஏ. ஆகிவிட முடியாது. ஓர் ஆடிட்டரிடம் கைகட்டி வேலை கற்க வேண்டும். முன்பு மூன்று வருஷம். 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் இரண்டு வருஷம். சம்பளமா? உஷ்! அது 'ஸ்டைபண்ட்'. பெட்ரோலுக்கு அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்தக் கால இங்கிலாந்தில் வேலை கற்கப் போகிற பையன்தான் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டுமாம். அதற்கு இது தேவலை!

பி.காம். முடித்ததும் என் வகுப்பிலிருந்து ஆறு பேர் இப்படி ஆர்டிகிள்ஸ் போனார்கள். நான் பேனாவை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஆறு பேரும் படித்தது ஒரே புத்தகம். எழுதினது ஒரே பரீட்சை. ஆனால், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ஆறு பேரும் ஆறு விதமாக நடந்தார்கள், பேசினார்கள், ஏன், தும்மினார்கள்கூட! விசாரித்தால், அவரவர் ஸார் அப்படித்தான் தும்முவாராம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டுரா என்கிற மனோதத்துவ நிபுணர் 1961-ல் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். சில குழந்தைகளின் கண் எதிரே பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தினார், உதைத்தார், மரச் சுத்தியலால் அடித்தார். பிறகு அந்தக் குழந்தைகளை விளையாட விட்டால், பலதும் அதே குத்து, அதே உதை. பெரியவர் அடிக்கும்போது பேசின வசனத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே அடித்தன! நம்மூர்ப் பாட்டிகளிடம் இதைச் சொன்னால், "இதுக்கு எதுக்குடா பல்கலைக்கழகம்?" என்பார்கள்.

ஆர்டிகிள்ஸ் போன என் நண்பர்களில் ஒருவனுக்கு வாய்த்த ஆடிட்டர், அறுபது தாண்டியவர். முழங்கால் வலிக்காரர். அட்வைஸே பண்ண மாட்டார். 'எதிக்ஸ்' என்ற வார்த்தையை அவர் வாயால் கேட்டதே இல்லை என்கிறான் நண்பன்.

கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். மார்ச் 31. ஸ்டாக் எடுக்கப் போயிருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு பஞ்சு பேல் 170 கிலோ. கோடவுனில் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்டோர் கீப்பர் ஓடி வந்தார்.

"ஸார், நீங்க ஆபீஸ் ரூம்ல உட்காருங்க, ஏ.ஸி. இருக்கு. தம்பிங்க எண்ணிக்குவாங்க."

"இருக்கட்டுங்க" என்று ஸார் பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். முன்வரிசையில் எத்தனை, உயரம் எத்தனை, ஆழம் எத்தனை, பெருக்கினால் சரியாக வந்தது. பையன்கள் 'அப்பாடா' என்று பேனாவை மூடினார்கள். ஸார் மூடவில்லை. "நடுவுல ரெண்டு பேலை மட்டும் இழுத்துக் காட்டறீங்களா?" என்றார். சுற்றி அடுக்கிவிட்டு நடுவில் பொக்கையாக விட்டுவிடுகிற கலை ஒன்று இருக்கிறதே, அதற்காக!

முக்கால் மணி நேரம் ஆயிற்று. இழுத்தார்கள். நடுவில் ஏதாவது மோசடி இருந்தது என்று நான் எழுதுவேன் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இல்லை, ஸார்! உள்ளேயும் அக்மார்க் பஞ்சுதான். "சரியா இருக்கு, ரொம்ப தேங்க்ஸ்" என்று ஸ்டோர் கீப்பரிடம் சொல்லி, பேப்பரில் குறித்துக்கொண்டு, முழங்காலைத் தேய்த்தபடி இறங்கினார். நொண்டிக்கொண்டே கார் ஏறினார்.

அடுத்த வருஷம் ஸாருக்கு உடம்பு சரியில்லை. நண்பனைத் தனியாக அனுப்பினார். அவன் என்ன செய்தான்? பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்தான். "நடுவுல ரெண்டு பேலை மட்டும்..." அப்படிச் செய் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இன்னொரு நாள் பேங்க் லெட்டர் சமாசாரம். கம்பெனி கணக்கில் மார்ச் 31-ம் தேதி இத்தனை பணம் இருந்தது என்று கம்பெனி சொன்னால் போதாது. ஆடிட்டர் பேங்குக்கே எழுதிக் கேட்பார். எஸ்.ஏ. 505 என்று இதற்கென்றே தனி விதிமுறை இருக்கிறது. அதன் சாரம் ரொம்ப சிம்பிள்: கடிதத்தை ஆடிட்டர்தான் அனுப்ப வேண்டும், பதிலும் நேராக ஆடிட்டருக்குத்தான் வர வேண்டும். நடுவில் கம்பெனி கை படக் கூடாது.

கம்பெனி கேஷியர் அன்பாகச் சொன்னார்: "எங்க பையன் அந்தப் பக்கம்தான் ஸார் போறான். குடுத்துட்டு வந்துடட்டுமே?"

"வேண்டாம் ஸார், சாப்பிட்டதுக்கு எனக்கும் கொஞ்சம் நடந்த மாதிரி இருக்கும்" என்றார் ஆடிட்டர். நண்பனையும் கூட்டிக்கொண்டு வெயிலில் தபாலாபீஸ் வரைக்கும் நடந்து, ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு வந்தார். கேஷியர் மனசு நோகவில்லை. எஸ்.ஏ. 505-ம் நோகவில்லை!

இவர் பண்ணினதில் என்னை அசத்தினது வேறு ஒன்று. கிளையண்ட் யாராவது போனில் ஏடாகூடமாக ஒரு ஜி.எஸ்.டி. சந்தேகம் கேட்டால், முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்காரர், பையன்கள் காதுபடவே சொல்வாராம்: "இதுக்கு இப்ப எனக்குப் பதில் தெரியலை. பார்த்துட்டு நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்றேன்." மறுநாள் பத்து மணிக்கு அவரே போன் செய்வார். வெளியே தெரிகிற மாதிரி 'தெரியலை' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, மேனேஜர் முன் உட்கார்ந்து தெரிந்த மாதிரி தலையாட்டியிருக்கிற நமக்குத்தான் புரியும்!

இப்போது ஆறு பேரில் இன்னொருவன். ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். அவனுக்கு வாய்த்த ஸார் கில்லாடி. மார்ச் 31 ராத்திரி கிளையண்ட் கல்லாவில் இருக்கிற பணத்தை நேரில் எண்ண வேண்டும் இல்லையா? ஏப்ரல் 20-ம் தேதி ஆபீஸில் உட்கார்ந்தே எண்ணிவிடுவார்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டு இத்தனை, நூறு ரூபாய் நோட்டு இத்தனை என்று பேப்பரில் ஜோடனை. ஸார் எட்டிப் பார்த்துத் திருத்தம் வேறு சொல்வார்: "சில்லறையில ஒரு ஏழு ரூபா சேர்த்துக்கடா. அப்பதான் நிஜமா எண்ணின மாதிரி இருக்கும்!"

இதைச் சொல்லிவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

அவனும் எப்படியோ பாஸ் செய்துவிட்டான். சென்னையில் ஒரு பெரிய ஆடிட் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ப்ரொபேஷனில் முதல் மார்ச். கேஷ் ஷீட்டைக் கொண்டு போய் மேனேஜரிடம் வைத்தான். மேனேஜர் சும்மா கேட்டார், "எத்தனை மணிக்கு எண்ணினே?"

நம்ம ஆள் பவ்யமாக, "எத்தனை மணிக்குன்னு போடணும் ஸார்?"

ப்ரொபேஷன் அந்த மாசத்தோடு முடிந்தது. இன்றைக்கும் அவனுக்கு, தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று முழுசாகப் புரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அவன் அயோக்கியன் இல்லை. பார்த்ததைச் செய்தான்.

'ஏழு ரூபாய் சில்லறைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்பவர்களுக்கு ஒரு பெரிய கணக்கு. 2009 ஜனவரி 7. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் சேர்மன் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். பேங்கில் 5,361 கோடி ரூபாய் இருப்பதாகக் கணக்கில் காட்டியிருக்கிறோம். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். நாடே வாயைப் பிளந்தது. ஆடிட் செய்தது சின்னஞ்சிறு ஆபீஸ் அல்ல, உலகம் பூராவும் கிளை பரப்பிய பிரைஸ் வாட்டர்ஹவுஸ் பெயர் தாங்கிய இந்திய நிறுவனங்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அவர்கள் மேல் 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அவர்கள் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, கட்டிவிட்டார்கள்.

ஆணையம் சொன்ன குறைகளில் முக்கியமானது என்ன தெரியுமா? பேங்குக்குப் போகிற கடிதத்தையும் வருகிற பதிலையும் கிளையண்ட் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்பது. அதுவும் சத்யத்தில் மட்டும் இல்லையாம், அது அங்கே வழக்கமாகவே ஆகியிருந்ததாம். 'எங்க பையன் அந்தப் பக்கம்தான் போறான் ஸார்' கேஸ்! இந்தக் கடிதத்தை எல்லாம் கவரில் போட்டு ஒட்டுவது பெரிய பார்ட்னர் இல்லை, ஐயா. ஜூனியர் பையன்கள். போன வருஷம் சீனியர் எப்படிச் செய்தாரோ அப்படி.

'பையன் எதிர்த்துக் கேட்க வேண்டியதுதானே?' என்று லேசாகச் சொல்லிவிடலாம். சேரும்போது ஃபார்ம் 103, முடிக்கும்போது ஃபார்ம் 108. இரண்டிலும் ஸார் கையெழுத்து வேண்டும். நடுவில் வேறு ஆபீஸுக்கு மாறுவதென்றாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். கல்லூரி வாத்தியார் பிடிக்காவிட்டால் கடைசி பெஞ்சில் படம் வரையலாம். இங்கே கடைசி பெஞ்சே கிடையாது.

சட்டம் கொஞ்சம் இறுக்கியிருக்கிறது, வாஸ்தவம். 2019 முதல் ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிற சர்ட்டிஃபிகேட்டுக்கு 18 இலக்க எண் ஒன்று ஆன்லைனில் எடுத்தாக வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்று பதிவாக வேண்டும். பழைய தேதி போடுகிற கில்லாடிகளுக்குக் கொஞ்சம் கஷ்டகாலம்தான். ஆனால், ஸ்டோர் கீப்பரிடம் 'தேங்க்ஸ்' சொல்வதை எந்த சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுக்கும்?

புதுசாக இன்னொரு சிக்கலும் முளைத்திருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன், ஆர்டிகிள்ஸில் ஒரு வருஷம் ஓட்டியவன், சொன்னான்: "எங்க ஸாரை நேர்ல பார்த்தது பத்துப் பன்னிரண்டு தடவைதாண்ணே இருக்கும். எல்லாம் வாட்ஸப்தான். எக்ஸெல் ஷீட் அனுப்புவேன், கட்டைவிரலைக் காட்டுவார்." பாவம், இவன் எதைப் பார்த்துக் கற்பான்? கட்டைவிரலையா?

ஐ.டி.ஐ. வெல்டிங் இன்ஸ்ட்ரக்டர் 'ஒரே ஒரு புள்ளிதானே' என்று முகத்திரை இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பற்றவைத்தால், சுவரில் ஒட்டியிருக்கிற பாதுகாப்பு போஸ்டரை யார் படிக்கிறான்? கேட்டரிங் கல்லூரி, நர்ஸிங் ஸ்கூல் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

தம்பியை, மச்சினனை ஆர்டிகிள்ஸ் சேர்க்கப் போகிறவர்கள் ஆபீஸ் சைஸையும் போர்டில் இருக்கிற பட்டங்களையும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் போய் ரிசப்ஷனில் அரை மணி உட்காருங்கள். ஸார் போனில் எப்படிப் பேசுகிறார், டீ கொண்டு வருகிற அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார், தப்புப் பண்ணின பையனை எல்லோர் முன்னாலும் கிழிக்கிறாரா, உள்ளே கூப்பிட்டுக் கணக்கை விரித்துக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

உள்ளே விடவில்லையா? எதிரே டீக்கடை இருக்கும். பையன்கள் அங்கேதான் ஒதுங்குவார்கள். அவர்களிடம் நேரடியாகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். டீ மாஸ்டரைக் கேளுங்கள். எந்த ஆபீஸ் பையன்கள் தானாகவே நோட்டை வாங்கிப் பார்த்து, "அண்ணே, நேத்து ரெண்டு பஜ்ஜி விட்டுட்டீங்க" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், எந்த ஆபீஸ் பையன்கள் மாசக் கடைசியில் எதிர் பிளாட்பாரம் வழியாகப் போகிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி!