உங்களுக்குத் தெரியுமா? திருச்சி மலைக்கோட்டை வெயிலில் புவி வெப்பமாதல் பற்றி வாசிக்கச் சில புத்தகங்கள்

★ தில்லைநகர்க்காரரானாலும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரரானாலும், சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு 10 விழுக்காடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு இது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுதான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சி அதன் பின்னால் இருக்கிறது. மாவட்ட மைய நூலகத்து அலமாரியில் இருப்பவை நம் பணத்தில் வந்த புத்தகங்கள்.

★ புவி வெப்பமாதல் பற்றிய நூல்கள் ஒரே அலமாரியில் இருக்காது. டியூயி பகுப்பு முறையில் எண் போடும் நூலகங்களில் தட்பவெப்பம் 551.6-இல் இருக்கும். சுற்றுச்சூழல் சிக்கல்கள் 363.7-இல், சூழலியல் 577-இல். மூன்று இடத்திலும் தேடுங்கள்.

★ நிலக்கரி எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்று ஸ்வீடன் அறிவியலாளர் அர்ரீனியஸ் கணக்குப் போட்டுக் காட்டியது 1896-இல். பொது வாசகர்களுக்காக இதைப் பற்றி எழுதப்பட்ட முதல் முக்கியமான நூல், பில் மெக்கிப்பனின் 'தி எண்ட் ஆஃப் நேச்சர்', 1989-இல்தான் வந்தது. இடையில் 93 ஆண்டுகள்!

★ தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி, பூட்டி வழியாகக் கேள்விப்படாத பழைய குடும்பங்கள் நம் பக்கம் குறைவு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்துக்கும் பசிபிக் பெருங்கடல் சூடாவதற்கும் தொடர்பு உண்டு. எல் நினோ என்கிறோமே, அதுதான் அன்று பருவமழையைக் கெடுத்தது. மைக் டேவிஸ் எழுதிய 'லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்' (2001) இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. மழை பொய்த்தது இயற்கை. மக்கள் பட்டினியில் செத்தபோதும் தானியம் கப்பலேறியது ஆட்சியாளர்களின் கொள்கை. நிவாரண வேலைக்கு வந்த ஆண் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. தட்பவெப்பம் மாறும்போது யார் முதலில் சாகிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு நூலை நான் படித்ததில்லை. ஒரே ஒரு ஆங்கில நூல்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

★ அந்த எல் நினோவோடு பின்னிப்பிணைந்த காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். நம் பருவமழையை முன்கூட்டியே கணிக்கப் போராடியவர் கையில் சிக்கியது உலகத்துக்கே பொதுவான ஓர் உண்மை.

★ முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியது 1836-இல். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் உடைந்து ஆற்றோடு போயின. அதே மாதம் திருவானைக்கோவிலையும் நெ.1 டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. இவற்றுக்கான பழியை வெப்பமாதல் மீது மட்டும் போட முடியாது. கட்டுமானத்தின் வயதும் மணல் கொள்ளையும் விவாதிக்கப்பட்டன. இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க நக்கீரனின் 'நீர் எழுத்து' உதவும். அதோடு சுனில் அம்ரித்தின் 'அன்ரூலி வாட்டர்ஸ்' (2018) நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிய நாடுகளின் தலைவிதியை மழையும் ஆறும் எப்படி எழுதின என்பதே அதன் பொருள்.

★ தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' 1971-இல் வெளிவந்தது. வெப்பமாதல் பற்றிய நூல் அன்று. ஆனாலும் என் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். அரை நூற்றாண்டுக்கு முன் ஆறு எப்படி இருந்தது என்று தெரியாமல், எதை இழந்தோம் என்று எப்படிக் கணக்கிடுவது? அதைப் படித்துவிட்டு ஒரு மே மாத மாலையில் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போய்வாருங்கள்.

★ நாவலாசிரியர்கள் ஏன் பருவநிலை மாற்றத்தைத் தொடுவதில்லை என்று கேட்டு ஒரு நாவலாசிரியரே எழுதிய நூல் 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' (2016). அதன் ஆசிரியர் அமிதவ் கோஷ் 1978 மார்ச்சில் டெல்லியில் ஒரு சூறாவளிக்குள் சிக்கியவர். அதைத் தன் கதைகளில் எழுதவே முடியவில்லை என்ற தவிப்பும் அதில் இருக்கிறது.

★ தமிழில் தொடங்க விரும்புவோருக்கு சு. தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக'. காட்டையும் பறவையையும் பற்றித் தமிழில் இவ்வளவு அழகாகவும் எளிமையாகவும் எழுத முடியும் என்று காட்டியவர்.

★ ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதில் மூலம் ஒரு தலைமுறைக்கே அறிவியல் ஆர்வம் ஊட்டினார். பருவநிலை அறிவியலை அந்த வேகத்தோடும் தெளிவோடும் தமிழில் சொல்லும் நூல்கள் இன்னும் நிறைய வேண்டும்.

★ திருச்சியில் அமையவிருக்கும் பெரிய நூலகத்துக்குக் காமராஜர் பெயர் சூட்டப்படும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. அதில் பருவநிலைக்கென்று தனி அலமாரி வேண்டும் என்று இப்போதே கேட்போம். அதுவரை, மேலே சொன்ன நூல்கள் உங்கள் கிளை நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வரி கட்டும் உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.