முப்பது சதவீதம் எங்கிருந்து வந்தது?

கீமோ தொடங்குமுன் 5.2 சென்டிமீட்டர் இருந்த கட்டி, இப்போது எடுத்த ஸ்கேனில் 4.1. ஆனால் ரிப்போர்ட்டில் ‘ஸ்டேபிள் டிசீஸ்’ என்றுதான் இருக்கிறது. மடத்துக்குளத்திலிருந்து கோவைக்குப் பஸ் ஏறிச் சிகிச்சைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கும்: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தும் மருந்து வேலை செய்யவில்லையா? அப்படியில்லை. 2000இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட ‘ரெசிஸ்ட்’ விதிப்படி, தேர்ந்தெடுத்த கட்டிகளின் நீளங்களைக் கூட்டி, அந்தத் தொகை 30 சதவீதமாவது குறைந்தால்தான் ‘பார்ஷியல் ரெஸ்பான்ஸ்’. இங்கே குறைந்தது 21 சதவீதம்தான். அதுவரை கண்ட மிகக் குறைந்த தொகையிலிருந்து 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினாலோ, புதிதாகக் கட்டி தோன்றினாலோ நோய் வளர்கிறது என்று பொருள். இடைப்பட்டதெல்லாம் ‘ஸ்டேபிள்’.

இந்த 30, புற்றுநோயின் இயல்பைப் பார்த்து வகுத்த எண் அல்ல. அதன் பூர்வீகம் ஒரு மெத்தை. 1976இல் மோர்டெல், ஹான்லி என்னும் ஆய்வாளர்கள் 12 உருண்டைகளை மெத்தைமேல் வைத்து, ரப்பர் நுரை விரிப்பால் மூடி, 16 புற்றுநோய் மருத்துவர்களைத் தடவி அளக்கச் சொன்னார்கள். ஒரே அளவு உருண்டைகளும் அவற்றில் இருந்தன. நீள அகலப் பெருக்கம் 25 சதவீதம் குறைந்தாலே ‘சுருக்கம்’ என்று வைத்தால், கைப்பிசகே அடிக்கடி மருந்தின் வெற்றியாகத் தெரிந்தது. பாதியாகக் குறையவேண்டும் என்று வைத்தபோது அந்தப் பொய்க்கணக்கு வெகுவாகக் குறைந்தது. 1979இல் உலகச் சுகாதார நிறுவனமும் பாதி என்றே வைத்தது. பரப்பில் பாதி என்றால் விட்டத்தில் ஏறத்தாழ 30 சதவீதம். அளப்பதில் நேரும் பிசகுக்கு விட்ட இடம்தான் இது; திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் மார்பளவு இவ்வளவு கூடலாம், குறையலாம் என்று செக்கிங்கில் விடுகிறார்களே, அந்த மாதிரிதான்.

இன்று சிடி ஸ்கேன் மில்லிமீட்டர் கணக்கில் காட்டும்போது பழைய கோடு எதற்கு என்று கேட்கலாம். இயந்திரம் துல்லியமானதுதான், ஆனால் கட்டி எங்கே முடிகிறது, ஈரல் எங்கே தொடங்குகிறது என்று புள்ளி வைப்பது மனிதக் கண். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: சுருங்காத கட்டி சாகாத கட்டி என்று யார் சொன்னது? ஜிஸ்ட் என்னும் இரைப்பை, குடல் கட்டிக்கு இமாட்டினிப் மாத்திரை கொடுத்தால், உள்ளே செல்கள் செத்தும் உருவம் அப்படியே நிற்பதுண்டு. அதனால் 2007இல் சோய் என்னும் ஆய்வாளரின் குழுவினர் அளவில் 10 சதவீதம் அல்லது அடர்த்தியில் 15 சதவீதம் குறைந்தாலே பலன் என்றார்கள். இம்யூனோதெரபியில் கட்டி முதலில் வீங்கிப் பின் வடியலாம். அதனால் 2017இல் வந்த விதி, 4 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்யச் சொல்கிறது.

எல்லா விதிக்கும் முன்பு எடுத்த ஸ்கேன்தான் அடிப்படை. நம் வீடுகளில் ரிப்போர்ட் தாளைப் பத்திரப்படுத்திவிட்டு, ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி வட்டைத் தொலைத்துவிடுகிறோம்; ஒருமுறை ஒரு சென்டர், அடுத்தமுறை சலுகை கிடைத்த இன்னொன்று. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் ஸ்கேன் எடுங்கள். போகும்போது பழைய சிடி வட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.