ப்ளூ ஸ்க்ரீன் வந்தா உடனே ஃபார்மேட் போடணுமா?

ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அப்பாவோட கடைக் கணக்கு மொத்தமும் ஒரு பழைய விண்டோஸ் 7 டெஸ்க்டாப்ல இருக்கு. ஆறு வருஷக் கணக்கு, பேக்கப் கிடையாது. ஒருநாள் காலையில கடை திறந்து ஆன் பண்ணா நீலத் திரை. பார்க்க வந்தவர் "ஃபார்மேட் போட்டுடலாம்மா"ன்னு சொல்லிட்டார். போடலாமான்னு கேட்டாங்க.

வேண்டாம். முதல்ல அந்தத் திரையைப் படிப்போம்.

ப்ளூ ஸ்க்ரீன்னா விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கிட்டதுன்னு அர்த்தம். உள்ளே ஏதோ தப்பு நடந்திருக்கு, இப்படியே ஓடினா டிஸ்க்ல இருக்கிறதும் கெட்டுப்போகலாம், அதனால நிக்குது. நிக்கும்போது காரணத்தையும் எழுதி வைக்குது. ஆனா பழைய மெஷின்ல அது ஒரு நொடி மின்னிட்டு ரீஸ்டார்ட் ஆயிடும். ஆன் பண்ணதும் எஃப்8-ஐ தட்டிக்கிட்டே இருங்க. வர்ற மெனுவுல 'டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்'னு ஒண்ணு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா திரை அப்படியே நிக்கும். போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

அவங்க அனுப்பின போட்டோவுல கோட் 7பி-ல முடிஞ்சது. விண்டோஸ் கிளம்பிடுச்சு, ஆனா தான் குடியிருக்கிற டிஸ்க்கையே அதால தொட முடியலைன்னு பொருள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பயாஸ்ல தேதி சரியா இருக்கா? இல்லை, பல வருஷம் பின்னாடி போயிருந்தது.

மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சிஆர்2032 பேட்டரி ஒண்ணு இருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துபோய், ராத்திரி கடையில மெயினையும் ஆஃப் பண்ணிட்டா, பயாஸ் எல்லா செட்டிங்கையும் மறந்துடும். அதுல சாட்டா மோடும் ஒண்ணு. விண்டோஸ் போட்டப்போ அது ஏஹெச்சிஐ-ல இருந்து, இப்போ ஐடிஇ-க்கு மாறியிருந்தா, விண்டோஸ் 7 டிஸ்க்கைத் தேடித் திணறும். டிஸ்க்ல ஒரு கோளாறும் இருக்காது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ஃபார்மேட் போட்டிருந்தா மெஷின் ஓடியிருக்கும்! புது விண்டோஸ் இப்போ இருக்கிற மோடுக்கே தன்னைப் பழக்கிக்கும். எல்லாரும் "ஃபார்மேட்ல சரியாயிடுச்சு"ன்னு சொல்லியிருப்பாங்க. ஆறு வருஷக் கணக்கு போயிருக்கும்.

மோடை மட்டும் மாத்தி சேவ் பண்ணச் சொன்னேன். விண்டோஸ் வந்துடுச்சு. பேட்டரியைத் தொடுறதுக்கு முன்னாடி கணக்கை ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்தாங்க. புது பேட்டரி போட்டதும் அந்த செட்டிங் திரும்ப மாறியிருக்கும், இன்னொரு தடவை வைக்கணும்.

உங்களுக்கு வேற கோட் வரலாம். ஒவ்வொரு தடவையும் வேற வேற கோட் வந்தா என் சந்தேகம் முதல்ல ரேம் மேலதான். பவர் கேபிளைக் கழட்டிட்டு, ரேமை எடுத்து, தங்க நிறக் கால்களை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். அதுவும் சரியா இருந்தா எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திப் பார்க்கலாம்.

கோட் 24-னு வந்தாலோ, டிஸ்க் டக் டக்னு சத்தம் போட்டாலோ, 'செக் டிஸ்க்' ஓட்ட அவசரப்படாதீங்க. சாகக் கிடக்கிற டிஸ்க்கை அது இன்னும் வேலை வாங்கும். லினக்ஸ் மின்ட் போட்ட பென்டிரைவ்ல பூட் பண்ணி முதல்ல ஃபைலை வெளியே எடுங்க.

அப்புறம், விண்டோஸ் 7-க்கு இலவச செக்யூரிட்டி அப்டேட் 2020 ஜனவரியோட நின்னுபோச்சு. கணக்கு எழுதுறதுக்கு அந்த மெஷின் போதும். நெட் பேங்கிங்கை மட்டும் அதுல திறக்க வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க.