இரண்டு மருந்து சேர்ந்தால் நஞ்சு எவ்வளவு?

பூச்சிக்கொல்லியின் உடனடி நச்சுத்தன்மையை ஆய்வகத்தில் எலிகளுக்கு ஒருமுறை புகட்டி, 14 நாள் கவனித்து அளக்கிறார்கள். பாதி எலிகளைக் கொல்லும் அளவு, உடல் எடை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் எனக் குறிக்கப்படும். ஆய்வாளர் டிரெவன் 1927இல் வகுத்த கணக்கு இது. இந்தியாவில் மருந்துப் புட்டியின் முக்கோண நிறம் இதை ஒட்டியதே: 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்குமேல் பச்சை.

பருத்திக்கு விற்கும் புரபெனோபாஸ் 40%, சைபர்மெத்ரின் 4% போன்ற கலவைகளில்தான் சிக்கல். அளவு 100 உள்ள மருந்தும் 400 உள்ளதும் சரிபாதி கலந்தால் சராசரி 250 என்று தோன்றும். தலைகீழ் மதிப்புகளைக் கூட்டும் சரியான கணக்கில் வருவது 160. கடுமையான மருந்தே கலவையைத் தன் பக்கம் இழுக்கிறது.

எலிகளில் கண்ட அளவு இந்தக் கணக்கைவிடக் குறைந்தால், ஒன்று மற்றதன் வீரியத்தைக் கூட்டுகிறது என்று பொருள். மாலத்தியான், இ.பி.என் என்ற இரு பூச்சிக்கொல்லிகள் சேர்ந்தபோது இப்படி நேர்ந்ததை 1957இல் கண்டார்கள். மாலத்தியானைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இ.பி.என் முடக்கிவிடுகிறது. சைபர்மெத்ரினைச் சிதைப்பதும் அதே வகை நொதிதான். புரபெனோபாஸ் அதை முடக்கும்.

கம்பெனிக் கலவை சோதனைக்குப் பின்பே கடைக்கு வரும். மதுரை மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்காகத் தெளிப்பானுக்குள்ளேயே இரண்டைக் கலந்தால், அந்தக் கலவைக்கென்று எந்த முக்கோணமும் கிடையாது.