கோப்பியும் பெருக்கல் விருத்தியும்

இரவு வேலைக்குப் போகிறவர் கோப்பியை நம்பியிருப்பதும், 11ஆம் வகுப்புப் பிள்ளை கணிதப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதும் எங்கள் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. இரண்டும் ஒரே கணக்கு என்றால் நம்புவீர்களா?

ஒன்ராறியோவில் 11ஆம் வகுப்பிலே 'சார்புகள்' என்ற பாடம் வருகிறது. 12ஆம் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்கான கணிதம் எடுக்க அதுதான் வாசல். அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் "இது இங்கிலிஷ் படிப்பு, எங்களுக்கு விளங்காது" என்று பெற்றோர் எழும்பிப் போய்விடுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன். இருந்தாலும் சொல்கிறேன், அது ஊரில் பெருக்கல் விருத்தி என்று படித்த அதே சாமான்தான்.

ஒரு குவளை வடித்த கோப்பியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. உடம்பு அதை மணிக்கு இவ்வளவு என்று அளந்து கழிப்பதில்லை. இருப்பதில் ஒரு பங்கைத்தான் கழிக்கிறது. வளர்ந்தவர்களுக்கு, இருப்பதில் பாதி போகச் சராசரியாக 5 மணித்தியாலம் எடுக்கும். ஆகவே 5 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மிச்சம் 100, 50, 25, 12.5 என்று இறங்கும். எந்த எண்ணையும் அதற்கு முந்தியதால் வகுத்துப் பாருங்கள், 1/2 வரும். அதுதான் பொது விகிதம். அது 0க்கும் 1க்கும் இடையில் இருந்தால் விருத்தி இறங்கும்.

சமன்பாடு இதுதான்:

மிச்சம் = 100 × (1/2இன் க ஆம் வலு)

'க' என்பது எத்தனை ஐந்து மணித்தியாலம் கழிந்தது என்பது. குடித்த நேரத்தில் க = 0. 0 அல்லாத எந்த எண்ணின் 0ஆம் வலுவும் 1 ஆகையால் 100 அப்படியே நிற்கும். பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கேள்வியில் "4ஆம் உறுப்பு" என்று கேட்டால் வலு 4 அல்ல, 3. முதல் உறுப்பு இன்னும் ஒருமுறையும் பாதியாகவில்லையே!

விருத்தியில் 'க' முழு எண். அடுக்குக்குறிச் சார்பில் பின்னமும் போடலாம். இரவு 11 மணிக்குக் குடித்துவிட்டுக் காலை 8 மணிக்குப் படுக்கிறீர்கள். 9 மணித்தியாலம், அதாவது க = 1.8. கல்குலேட்டரில் தட்டினால் மிச்சம் ஏறக்குறைய 29 மில்லிகிராம். அதே கோப்பியை விடிய 3 மணிக்குக் குடித்தால் படுக்கும்போது 50. கண்ணை மூடிக்கொண்டு நித்திரையில்லாமல் புரளுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் யோசிக்கவேண்டும்.

எல்லாருக்கும் 5 மணித்தியாலம் இல்லை. சிகரெட் குடிப்பவர்களுக்குக் கெதியாகக் கழியும். கர்ப்பிணிகளுக்கு மிகவும் மெதுவாகக் கழியும். கனடா சுகாதாரத் திணைக்களம் வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 300. தேத்தண்ணியிலும் கஃபீன் உண்டு, அதையும் கூட்டுங்கள்.

இனிப் பரீட்சையில் அடிக்கடி வருகிற கார்க் கணக்கு. 10,000 டொலர் கார் வருடம் 20 வீதம் பெறுமதி இழக்கிறது என்பார்கள். உடனே 0.2 என்று எழுதக்கூடாது. சமன்பாட்டில் வருவது போனது அல்ல, மிஞ்சியது. விகிதம் 0.8. 8,000, 6,400, 5,120 என்று இறங்கும். 0.2 போட்டால் கார் அடுத்த வருடமே 2,000 டொலருக்கு வந்துவிடும். அந்த விலைக்கு ஆராவது விற்றால் எனக்கும் ஒரு சொல் சொல்லுங்கோ.